முதலில் ஸ்பிரிங்கைப் பாருங்கள்!

மோட்டார் சைக்கிள் வாங்கிய வாலிபரின் கண் முதலில் எங்கே போகிறது? என்ஜினுக்குப் போகிறது.

"இன்னும் கொஞ்சம் பிக்கப் வேண்டும்" என்கிறார். கார்புரேட்டரை மாற்றுகிறார். சைலன்சரை மாற்றுகிறார். தெரு முழுவதும் திரும்பிப் பார்க்கிறது. பக்கத்து வீட்டுக் குழந்தை தூக்கத்தில் அலறி எழுகிறது.

முன் சக்கரத்துக்கு மேலே இரண்டு குழாய்கள் இருக்கின்றன. மெக்கானிக்குகள் அதை "போர்க்" என்பார்கள். அதற்குள் ஸ்பிரிங் இருக்கிறது. எண்ணையும் இருக்கிறது. அந்த எண்ணையை அவர் எப்போது மாற்றினார்?

"அதில் எண்ணை இருக்கிறதா?" என்று திருப்பிக் கேட்கிற வாலிபர்களும் உண்டு!

பழைய வேக வண்டி வைத்திருப்பவர் செய்ய வேண்டிய முதல் செலவு, ஸ்பிரிங்குக்கும் ஷாக் அப்சர்பருக்கும்தான். என்ஜின் செலவு பிறகு வரட்டும். அது வராமலே போனாலும் நஷ்டம் இல்லை.

இது மெக்கானிக் கடைப் பேச்சு என்று நினைத்து, பெண்கள் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். அந்த வண்டியின் பின் சீட்டில் உட்காருவது யார்?

"விரைந்த சாவு"

யமஹா கம்பெனி 1973-ம் ஆண்டு "ஆர்.டி. 350" என்ற வண்டியை வெளியிட்டது. பத்து ஆண்டு கழித்து, 1983-ல், அது இந்தியாவுக்கு வந்தது. எஸ்கார்ட்ஸ் கம்பெனி அதை "ராஜ்தூத் 350" என்ற பெயரில் செய்து விற்றது.

இரண்டு சிலிண்டர். 347 சி.சி. ஆறு கியர். முதலில் வந்த வண்டிக்கு 30.5 குதிரைச் சக்தி. அந்தக் காலத்தில் நம் ரோடுகளில் ஓடிய மற்ற வண்டிகள் இதன் புகையைத்தான் பார்த்தன.

பெட்ரோலை அதிகம் குடிக்கிறது என்று புகார் வந்தது. சக்தியை 27 ஆகக் குறைத்தார்கள். அப்படியும் வியாபாரம் நிலைக்கவில்லை. 1990-வாக்கில் உற்பத்தி நின்றது.

ஜப்பானில் விற்ற வண்டிக்கு முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக். நம் நாட்டு வண்டிக்கு டிரம் பிரேக். வேகம் வந்தது, நிறுத்துகிற சாதனம் குறைந்தது. "ஆர்.டி." என்ற எழுத்துக்களுக்கு "ரேப்பிட் டெத்" என்று ஜனங்கள் பொருள் சொன்னார்கள். விரைந்த சாவு என்று அர்த்தம்.

அந்த வண்டிகளில் கடைசியாக வந்ததற்கே இன்று 35 வயது ஆகிறது. இன்றும் அதைத் தேடிப் பிடித்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பெயிண்ட் அடிக்கிறார்கள். குரோம் பூசுகிறார்கள். என்ஜினைப் பிரித்துப் புதிது போலக் கட்டுகிறார்கள்.

35 ஆண்டு ஓடிய ஸ்பிரிங் மட்டும் அப்படியே இருக்கிறது!

இந்தியாவில் 2022-ம் ஆண்டு ரோடு விபத்துக்களில் 1,68,491 பேர் இறந்தார்கள். மத்திய அரசாங்கம் கொடுத்த கணக்கு இது. இறந்தவர்களில் 100-க்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வண்டியில் போனவர்கள். எல்லாவற்றுக்கும் ஷாக் அப்சர்பர் காரணம் என்று யாரும் சொல்ல முடியாது. வேகமும், குடியும், ஹெல்மெட் போடாததும் பெரிய காரணங்கள். ஆனால் பிரேக் பிடித்த நேரத்தில் டயர் தரையை விட்டுத் துள்ளினால், ஹெல்மெட் போட்டவரும் விழத்தான் செய்வார்.

கட்டை வண்டியும் வில் வண்டியும்

கட்டை வண்டியில் போனவர்களுக்கு இடுப்பு வலி தெரியும். வில் வண்டியில் போனவர்களுக்குச் சுகம் தெரியும். இரண்டுக்கும் வித்தியாசம், அச்சுக்கு மேலே இருக்கிற இரும்பு வில்தான்.

ஆனால் வில் வண்டியிலும் ஒரு தொல்லை உண்டு. ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால், அது உடனே நிற்காது. மேலும் கீழும் ஆடிக்கொண்டே போகும். காளையின் வேகத்தில் அது தொட்டில் ஆட்டம். 80 கிலோ மீட்டர் வேகத்தில் அது தொட்டில் ஆட்டம் இல்லை.

ஸ்பிரிங்குக்கு ஒரு குணம். வாங்கினதைத் திருப்பிக் கொடுத்துவிடும். அமுக்கினால் அமுங்கும், விட்டால் அதே பலத்தோடு எழும்பும். அந்த எழுச்சியை அடக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் எண்ணை.

சிறு துளைகள் வழியாக எண்ணை புகுந்து போகும்போது ஆட்டத்தின் பலம் குறைகிறது. அந்தப் பலம் சூடாக மாறிவிடுகிறது. கரடுமுரடான ரோட்டில் ஓடி வந்ததும் ஷாக்கைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் அது வேலை செய்கிறது.

பெரிய ஆபீஸ்களில் கதவைத் தள்ளிவிட்டு உள்ளே போனால், பின்னால் அது "தடார்" என்று அடிக்காமல் மெல்ல மூடிக்கொள்ளும். கதவுக்கு மேலே ஒரு பெட்டி இருக்கும். அதற்குள்ளும் ஸ்பிரிங்கும் எண்ணையும்தான். எண்ணை ஒழுகிப் போன கதவு எப்படி அடிக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். எண்ணை ஒழுகிப் போன போர்க்கும் அப்படித்தான்.

இதெல்லாம் வசதிக்காக என்று பலர் நினைக்கிறார்கள். "வாலிப வயசு, கொஞ்சம் குலுங்கினால் என்ன?" என்கிறார்கள். குலுங்கட்டும், தப்பில்லை. டயர் தரையில் இருக்க வேண்டுமே! மோட்டார் சைக்கிளின் ஒரு டயர் தரையைத் தொடுகிற இடம் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அகலம். பிரேக் பிடிப்பதும், வளைவில் திரும்புவதும் அந்த உள்ளங்கைகள் இரண்டை நம்பித்தான். சக்கரம் துள்ளுகிற ஒவ்வொரு நொடியும் அதில் ஒன்று காற்றில் இருக்கிறது.

இந்த விஷயத்தை உலகம் மெதுவாகத்தான் ஒப்புக்கொண்டது. இரண்டாவது உலகப் போருக்கு முன்பு பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் பின் சக்கரத்துக்கு ஸ்பிரிங்கே கிடையாது. சீட்டுக்கு அடியில் மட்டும் இரண்டு ஸ்பிரிங் இருக்கும். ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. கம்பெனி 1935-ல், எண்ணையால் ஆட்டத்தை அடக்கும் முன் போர்க்கை விற்பனை வண்டியில் வைத்தது. இங்கிலாந்தின் ராயல் என்பீல்டு 1948-ல், பின் சக்கரத்துக்கு ஷாக் வைத்த புல்லட்டைப் பந்தயத்தில் இறக்கியது. பின் சக்கரம் ஆடினால் பிடிப்பு போய்விடும் என்று அப்போது பலர் நம்பினார்கள். நடந்தது நேர் எதிர். அந்தப் புல்லட்தான் 1955 முதல் சென்னையில் உருவாகத் தொடங்கியது.

பீச்சாங்குழல் பாடம்

பழைய வண்டியின் முன் போர்க்கில் ஒரு குறை இருக்கிறது. வயதினால் வந்த குறை இல்லை. பிறவிக் குறை.

அதற்குள் இருக்கும் துளைகளின் அளவு மாறாது. மெல்லத் தள்ளினால் எண்ணை சுலபமாகப் போகும். வேகமாகத் தள்ளினால் அடைத்துக்கொண்டு நிற்கும். குழந்தைகளின் பீச்சாங்குழலை மெல்ல அழுத்திப் பாருங்கள். பிறகு வேகமாக அழுத்திப் பாருங்கள். வேகத்தை இரண்டு மடங்கு ஆக்கினால், எதிர்ப்பு நான்கு மடங்கு ஆகிறது.

ரோட்டில் இதன் பலன் என்ன? பிரேக் பிடிக்கும்போது போர்க் மெல்ல இறங்குகிறது. அங்கே எதிர்ப்பு தேவை, கிடைப்பதில்லை. வண்டி மூக்கைக் குத்திக்கொண்டு சாய்கிறது. கூரான பள்ளத்தில் போர்க் சடாரென்று இறங்குகிறது. அங்கே எண்ணை வழிவிட வேண்டும், விடுவதில்லை. அடி நேராகக் கைக்கு வருகிறது.

மிருதுவாக இருக்க வேண்டிய இடத்தில் முரடு! முரடாக இருக்க வேண்டிய இடத்தில் மிருது!

இதற்கு மருந்து கண்டுபிடித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ரேஸ் டெக் என்ற கம்பெனி, பழைய போர்க்குக்குள் வைக்கும் ஒரு சிறிய வால்வைச் செய்கிறது. பழைய துளைகளைப் பெரிதாக்கிவிட்டு, அதற்கு மேலே இந்த வால்வை வைக்க வேண்டும். மெல்லத் தள்ளினால் இது எதிர்க்கும். சடாரென்று அடித்தால் திறந்து வழிவிடும். வண்டியை வெளியே இருந்து பார்க்கிறவருக்கு எந்த மாற்றமும் தெரியாது.

அதனால்தான் வாலிபர்களுக்கு இதில் ஆசை வருவதில்லையோ என்னவோ!

ஆனால் இந்த வால்வுக்குப் போகும் முன்பு, மலிவான வேலை ஒன்று இருக்கிறது. பழைய எண்ணையைக் கொட்டிவிட்டுப் புதிய எண்ணை ஊற்றுவது. போர்க்கை முழுதும் கழற்றிக் கழுவினால் இன்னும் நல்லது. பல ஆண்டு கிடந்த எண்ணை சாம்பல் நிறத்தில் வரும். அதில் இரும்புத் தூளும், ரப்பர் துணுக்கும் மிதக்கும். அதைப் பார்த்த பிறகு யாரும் இன்னொரு முறை தள்ளிப்போட மாட்டார்கள்.

ஊற்றும் எண்ணை, போர்க்குக்கு என்றே விற்கும் எண்ணையாக இருக்கட்டும். என்ஜின் ஆயிலில் மிச்சம் இருந்ததை ஊற்றுகிற கடைகள் உண்டு. கெட்டியாக இருந்தால் நல்லது என்பது அவர்கள் எண்ணம். மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணைப் பாட்டிலைச் சாய்த்துப் பார்த்தவர்களுக்குக் கெட்டி எண்ணை எப்படிப் போகும் என்று தெரியும். போர்க் எண்ணை டப்பாவில் 10 என்றும் 15 என்றும் எண் போட்டிருக்கும். ஒரு கம்பெனியின் 10-ம் இன்னொரு கம்பெனியின் 10-ம் ஒரே கெட்டியாக இருக்கும் என்று நம்ப வேண்டாம். ஒத்து வந்த ஒரு கம்பெனியின் எண்ணையையே தொடர்ந்து வாங்குங்கள்.

இரண்டு குழாய்களிலும் எண்ணை மட்டம் ஒன்றாக இருக்க வேண்டும். ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, போர்க்கை முழுதும் அமுக்கி வைத்து, குழாயின் வாயில் இருந்து எண்ணை வரை ஒரு குச்சியால் அளக்க வேண்டும். எண்ணைக்கு மேலே இருக்கும் காற்றும் ஒரு ஸ்பிரிங் மாதிரி வேலை செய்கிறது. எண்ணை அதிகமானால் காற்றுக்கு இடம் குறையும்; போர்க் கடைசியில் விறைத்துக்கொள்ளும்.

ஒரு எச்சரிக்கை. முன் சக்கரத்தின் மேல் பாரம் இருக்கும்போது போர்க்கின் மூடியைக் கழற்றக் கூடாது. மூடி ஸ்பிரிங்கின் வேகத்தில் முகத்துக்குப் பாயும். வண்டியும் அப்படியே உட்கார்ந்துவிடும்.

சென்டி மீட்டர் டேப் போதும்

புதிய ஸ்பிரிங் வாங்கியாகிவிட்டது. எண்ணையும் ஊற்றியாகிவிட்டது. வேலை முடிந்ததா? பாதிதான் முடிந்தது.

தையல்காரர் நல்ல துணியைப் பார்த்து மட்டும் சட்டை தைப்பதில்லை. ஆளை அளந்து தைக்கிறார். ஸ்பிரிங்கும் ஆளுக்கு அளந்து வைக்க வேண்டிய பொருள். 55 கிலோ எடையுள்ள வாலிபரும், 90 கிலோ எடையுள்ள அவருடைய மாமாவும் ஒரே வண்டியில் ஒரே மாதிரி போக முடியாது.

அளப்பதற்குப் பெரிய யந்திரம் தேவை இல்லை. வீட்டில் இருக்கும் டேப்பும், கூட இரண்டு பேரும் போதும்.

பின் சக்கரம் தரையைத் தொடாதபடி வண்டியை நிறுத்துங்கள். சக்கரத்தின் அச்சில் இருந்து நேர் மேலே, சீட்டுக்குக் கீழே ஒரு இடத்தில் குறி போட்டு அளவு எடுங்கள். இது முதல் அளவு. பிறகு வண்டியை இறக்கி, ஓட்டுகிறவர் வழக்கமான உடையோடும் ஹெல்மெட்டோடும் ஏறி உட்காரட்டும். ஒருவர் வண்டியை நேராகப் பிடித்துக்கொள்ளட்டும். இன்னொருவர் அதே இடத்தை மறுபடி அளக்கட்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் "அமுங்கல்".

இதிலே ஒரு சூட்சுமம். ஷாக்கிலும் போர்க்கிலும் உராய்வு உண்டு. அதனால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு அளவு வரும். பின்பக்கத்தைக் கையால் ஒரு முறை அமுக்கி மெல்ல விட்டு அளவு எடுங்கள். இன்னொரு முறை தூக்கி மெல்ல விட்டு அளவு எடுங்கள். இரண்டையும் கூட்டிப் பாதி ஆக்கினால் சரியான அளவு. முன்னால் அளப்பது இன்னும் சுலபம். போர்க் குழாயில் ஒரு பிளாஸ்டிக் கட்டுக் கயிற்றைக் கட்டிவிட்டால், எவ்வளவு இறங்கியது என்பதை அதுவே காட்டிக் கொடுக்கும்.

எவ்வளவு அமுங்க வேண்டும்? சக்கரம் மொத்தம் எவ்வளவு தூரம் மேலே கீழே போகுமோ, அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. 120 மில்லி மீட்டர் போகிற வண்டி, ஆள் உட்கார்ந்ததும் 35 அல்லது 40 மில்லி மீட்டர் அமுங்கினால் சரி.

ஏன் அமுங்க வேண்டும் என்று கேட்கலாம். ரோட்டில் மேடு மட்டுமா இருக்கிறது? பள்ளமும் இருக்கிறது. பள்ளம் வந்தால் சக்கரம் கீழே நீள வேண்டும். அதற்கு இடம் மிச்சம் இருக்க வேண்டும்.

அமுங்கல் அதிகமாக இருந்தால் பின் ஷாக்கின் வளையத்தைத் திருப்பி ஸ்பிரிங்கை முன்கூட்டியே கொஞ்சம் இறுக்கலாம். பல பழைய வண்டிகளில் இதற்கு ஐந்து படி இருக்கிறது. முன் போர்க்கில் திருகு இல்லாத வண்டிகளில், ஸ்பிரிங்குக்கு மேலே ஒரு குழாய்த் துண்டை வெட்டி வைப்பார்கள்.

இந்த வளையத்தைப் பற்றி ஊர் முழுவதும் ஒரு தப்பான எண்ணம் இருக்கிறது. "வளையத்தைத் திருப்பினால் ஷாக் கடினமாகும்" என்கிறார்கள். ஆகாது. ஒரு மில்லி மீட்டர் அமுங்குவதற்கு எத்தனை கிலோ வேண்டும் என்பது ஸ்பிரிங்கின் கம்பியிலும் சுற்றிலும் இருக்கிறது. வளையம் அதை மாற்றாது. வண்டியின் பின்பக்கத்தை உயர்த்தும், அவ்வளவுதான்.

சரியான ஸ்பிரிங்தானா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஆள் ஏறியபோது அமுங்கல் சரியாக வரும்படி வைத்துவிடுங்கள். பிறகு ஆள் இறங்கட்டும். வண்டியின் சொந்தப் பாரத்தில் பின்பக்கம் ஐந்து முதல் பத்து மில்லி மீட்டர் அமுங்கி நிற்க வேண்டும். கொஞ்சமும் அமுங்காமல் விறைத்து நின்றால், ஸ்பிரிங் அந்த ஆளுக்கு மெல்லியது. தாராளமாக அமுங்கினால் ஸ்பிரிங் கடினமானது. கேட்பதற்குத் தலைகீழாகத் தோன்றும். மெல்லிய ஸ்பிரிங்கை அதிகம் இறுக்கித்தான் ஆளைத் தாங்க வைத்தோம்; அதனால்தான் ஆள் இறங்கியதும் அது முட்டிக்கொண்டு நிற்கிறது.

வெட்டி ஒட்டுகிறவர்கள்

இப்போது ஒரு மோகம் கிளம்பியிருக்கிறது. இரண்டு ஷாக் வைத்த பழைய வண்டியின் பின்பக்கத்தை வெட்டி எறிந்துவிட்டு, வேறு வண்டியின் ஒற்றை ஷாக்கை வெல்டிங் வைத்து ஒட்டுவது. பார்ப்பதற்குப் பந்தய வண்டி போல இருக்கிறதாம்!

ஒற்றை ஷாக் நல்ல யோசனைதான். பெல்ஜியம் நாட்டு என்ஜினீயர் லூசியன் டில்கென்ஸ் உருவாக்கிய அமைப்பை வாங்கி, யமஹா கம்பெனி 1973-ல் பந்தயத்தில் இறக்கியது. பிறகு உலகமே அந்த வழிக்கு வந்தது. ஆனால் அந்த வண்டிகளின் சட்டம் ஆரம்பத்தில் இருந்தே அதற்காகக் கட்டப்பட்டது.

இரண்டு ஷாக் வைத்த வண்டியில், பின் சக்கரத்தின் அடி சீட்டுக்குக் கீழே இரண்டு இடங்களில் போய்ச் சேருகிறது. அந்த இடங்களில் இரும்பு பலமாக இருக்கும். ஒற்றை ஷாக் வைத்தால் அத்தனை அடியும் நடுவில் ஒரே இடத்தில் விழும். அந்த இடத்தில் இருப்பது அதற்காகச் செய்த இரும்பு இல்லை. அதன் மேல் தெருக் கடை வெல்டிங் வேறு. என்றைக்கு விரியும் என்று யார் சொல்ல முடியும்?

வண்டிச் சட்டத்தை வெட்டினால், நாட்டுச் சட்டமும் குறுக்கே வரும். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுப் புத்தகத்தில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019-ல் திருத்தம் வந்தது. அனுமதி இல்லாமல் மாற்றினால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும். தேய்ந்த ஷாக்குக்குப் பதிலாக அதே இடத்தில் அதே அளவில் நல்ல ஷாக் மாட்டுவது வேறு விஷயம். அதற்கு யாரும் வெல்டிங் கடைக்குப் போக வேண்டியது இல்லை.

வேறு சிலர் வெட்டுவதில்லை. நீளமான ஷாக் மாட்டிப் பின்பக்கத்தைத் தூக்கிவிடுகிறார்கள். பின்னால் தூக்கினால் முன் போர்க் செங்குத்தாகிறது. அப்போது ஹாண்டில் சட்டென்று திரும்பும். சந்து பொந்தில் அது சுகம். நெடுஞ்சாலையில் ஒரு பள்ளத்தில் விழுந்தால் ஹாண்டில் இரண்டு பக்கமும் படபடவென்று அடித்துக்கொள்ளும். ஐந்து மில்லி மீட்டர் உயரம் மாறினாலே தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். இவர்கள் இரண்டு அங்குலம் தூக்குகிறார்கள்!

விலை உயர்ந்த மஞ்சள் ஸ்பிரிங்

சுவீடன் நாட்டில் கென்ட் ஓலின் என்பவர் 1976-ல் ஒரு கம்பெனி ஆரம்பித்தார். ஷாக் அப்சர்பர் செய்வதுதான் தொழில். இரண்டே ஆண்டில், 1978-ல், அவருடைய ஷாக் மாட்டிய வண்டியில் ரஷ்ய வீரர் கென்னடி மோய்சேயெவ் மோட்டோகிராஸ் உலகப் பட்டத்தை வென்றார். "ஓலின்ஸ்" என்ற பெயரும், அதன் மஞ்சள் ஸ்பிரிங்கும் இன்று உலகம் பூராவும் தெரியும்.

அதை வாங்கி மாட்டினால் போதுமா? போதாது. விலை உயர்ந்த ஷாக்கில் திருகுகள் அதிகம். அமுங்கும்போது அடக்க ஒன்று, எழும்பும்போது அடக்க ஒன்று. திருகு தெரியாதவர் கையில் அவை அத்தனையும் தப்பாக நிற்க இடம் உண்டு. அளந்து வைத்த சாதாரண ஷாக், அளக்காமல் மாட்டிய உயர்ந்த ஷாக்கைவிட நன்றாக ஓடும். பணம் இருக்கிறவர் வாங்கட்டும். வாங்கியவர் அளக்கவும் கற்றுக்கொள்ளட்டும்.

மலிவுக் கடைகளில் பக்கத்தில் டப்பா வைத்த ஷாக் விற்கிறார்கள். உண்மையான டப்பாவில் நைட்ரஜன் வாயு இருக்கும். எண்ணை நுரைக்காமல் அது காக்கும். மலிவு ஷாக்குகள் சிலவற்றில் டப்பா வெறும் அலங்காரம். காசு கொடுக்கும் முன் கேட்டு வாங்குங்கள்.

எழும்பும் வேகத்தைத் திருத்தும் திருகு உங்கள் வண்டியில் இருந்தால், சீட்டைப் பலமாக அமுக்கி விட்டுப் பாருங்கள். பின்பக்கம் ஒரு முறை எழுந்து நின்றுவிட வேண்டும். எழுந்து, மறுபடி தாழ்ந்து, மறுபடி எழுந்தால் அடக்கம் போதாது. சோம்பேறி போல மெல்ல மெல்ல எழுந்தாலும் ஆபத்துதான். வரிசையாகப் பள்ளம் வந்தால், ஒன்றில் இறங்கியது எழுவதற்குள் அடுத்தது வந்துவிடும். சக்கரம் மேலே மேலே ஏறிக்கொண்டு போய்க் கடைசியில் கட்டை வண்டி ஆகிவிடும்.

ஒரு நேரத்தில் ஒரு திருகு. அதிலும் ஒரு "கிளிக்" அல்லது இரண்டு. திருப்பியதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அதே ரோட்டில் அதே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். இருங்காட்டுக்கோட்டையில் பந்தயம் ஓட்டுகிறவர்களும் இப்படித்தான் செய்கிறார்கள். அவர்களுடைய வேகத்துக்கு அந்தத் தடம் இருக்கிறது. மற்றவர்களுக்குப் பள்ளிக்கூட வாசல் வேகத்தடைகள் இருக்கின்றன. பந்தய வண்டி மாதிரி வைக்கிறேன் என்று விறைப்பாக வைத்தால், அந்த வேகத்தடையிலேயே பல் ஆடும்.

வாங்கும் முன்பு

ஷாக் மாற்றியும் வண்டி ஆடுகிறது என்று குறை சொல்கிறவர்கள் பலர். ஷாக் மேல் பழி போடும் முன் டயரில் காற்றைப் பாருங்கள். பின் சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ராஜ்தூத் 350 வண்டியில் பின் சக்கரக் கையைத் தாங்கும் புஷ் பிளாஸ்டிக்கால் ஆனது. அது சீக்கிரம் தேயும். லேத் பட்டறையில் வெண்கல புஷ் கடைந்து போட்டு, வண்டியே புதிதாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டவர்கள் அநேகம். ஹாண்டில் கழுத்தில் உள்ள பேரிங்கையும் பாருங்கள். முன் சக்கரத்தைத் தூக்கி வைத்து ஹாண்டிலை மெல்லத் திருப்பினால், நடுவில் ஓர் இடத்தில் "டக்" என்று உட்காரக் கூடாது.

புதுப்பேட்டையில் பழைய போர்க் வாங்குகிறவர்கள், குழாயைச் சமமான கண்ணாடி மேல் வைத்து உருட்டிப் பார்க்க வேண்டும். வளைந்த குழாய் குதித்துக் குதித்து உருளும். அது எந்த விபத்தில் இருந்து வந்ததோ! குரோம் உரிந்து புள்ளி விழுந்த குழாயும் வேண்டாம். எத்தனை சீல் மாற்றினாலும் அந்தப் புள்ளி அறுத்துவிடும். எண்ணை ஒழுகும். ஒழுகிய எண்ணை நேராகப் பிரேக்குக்குப் போகும்.

இந்த வேலை எல்லாவற்றையும் சேர்த்தாலும், என்ஜினைப் பிரித்துச் சக்தி ஏற்றுகிற செலவுக்குப் பல சமயம் பாதிதான் வரும். "சக்தி ஏறவில்லையே" என்று வாலிபர் சொல்வார். ஏறவில்லைதான். அதே வளைவில், அதே பள்ளத்தில், முன்பு பயந்து பிரேக் பிடித்த இடத்தில் இப்போது பிடிக்க வேண்டியது இல்லை. ஊருக்குப் போய்ச் சேரும் நேரம் குறைகிறது. இறங்கும்போது கை மரத்துப் போவதில்லை.

பின் சீட்டுக்கு வருவோம். மனைவியோ தாயாரோ ஏறி உட்கார்ந்ததும் வண்டியின் வால் தாழ்கிறது. முன் சக்கரத்தின் பாரம் குறைகிறது. இரவில் ஹெட் லைட் வானத்தைப் பார்க்கிறது. எதிரே வருகிற லாரி டிரைவரின் கண் கூசுகிறது. வண்டியோடு வந்த சிறு சாவி ஒன்று சீட்டுக்கு அடியில் கிடக்கும். பலர் அது எதற்கு என்று கேட்டதே இல்லை. ஷாக்கின் வளையத்தைத் திருப்பத்தான் அது. துணை ஏறுவதற்கு முன்பு இரண்டு பக்கமும் ஒரே அளவாக இரண்டு படி ஏற்றுங்கள். வீட்டில் இறக்கிவிட்டதும் மறக்காமல் பழைய படிக்கே இறக்கிவிடுங்கள்.